பிரெஞ்ச் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ்: தொப்பி வெச்ச அந்த வெர்ப்ப படிப்படியா போடுறது எப்படி

பிரெஞ்ச் ஓரளவு பேச வந்தாச்சு, பிரசன்ட் சப்ஜங்டிவும் (வேணும், பயம், சந்தேகம் மாதிரி சொல்றப்ப வர்ற வெர்ப் வடிவம்) ஒருமாதிரி கைக்கு வந்துடுச்சு, சரி இனிமே ஒரு பழைய நாவல் எடுத்து படிக்கலாம்னு உக்காந்தா ரெண்டாவது பக்கத்துலயே தலையில தொப்பி வெச்ச ஒரு வெர்ப் வந்து நிக்கும், டிக்‌ஷனரில தேடினா கிடைக்காது, டீச்சர்கிட்ட கேட்டா "அதெல்லாம் இப்ப யாரும் யூஸ் பண்றதில்ல, விடுங்க"ன்னு சொல்லிடுவாங்க. அதுதான் இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ், இறந்தகாலத்துக்கான சப்ஜங்டிவ். யாரும் பேசுறதில்லங்கிறது உண்மைதான். ஆனா 19ஆம் நூற்றாண்டு நாவல் எதத் திறந்தாலும் பக்கத்துக்குப் பக்கம் இது இருக்கும், இன்னிக்கு எழுதுற சீரியஸான கட்டுரைகள்லயும் அங்கங்க தலை காட்டும். படிக்கணும்னா தெரிஞ்சே ஆகணும்.

என்னைக் கேட்டா, பிரெஞ்ச் வெர்ப் டென்ஸ்கள்லயே ரொம்ப ஒழுங்கானது இதுதான். பிரசன்ட் டென்ஸ்ல இருக்கிற கோளாறுல கால்வாசி கூட இதுல இல்ல. கஷ்டம் ரெண்டே இடத்துலதான். ஒண்ணு, இதுக்கு அடிப்படையா இருக்கிற பாஸே ஸேம்ப்ல் (கதை எழுத்துல வர்ற இறந்தகாலம்) நிறைய பேருக்குத் தெரியாது. ரெண்டு, அந்த தொப்பி. இது ரெண்டையும் பிடிச்சுட்டா மிச்சம் தானா வந்துடும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பிரெஞ்ச் வார்த்தைகள இங்க தமிழ் எழுத்துல, காதுல விழுற மாதிரி எழுதுறேன், ஸ்பெல்லிங் முக்கியமான இடத்துல எழுத்த ஏ, ஈ, ஐ, யு, எஸ், டின்னு இங்கிலீஷ் பேரால சொல்றேன். "யு"ன்னு வர்ற சத்தம் எல்லாம், வாயை 'உ' சொல்ற மாதிரி குவிச்சு வெச்சுக்கிட்டு உள்ள 'இ' சொன்னா வர்றது, "ஃப்யு"வ "ஃபூ"ன்னு படிச்சுடாதீங்க. "ஓன்", "ஏன்" மாதிரி முடியுற இடத்துல கடைசி ன் மூக்குலயே நின்னுடும், நாக்கு மேல தொடாது. தொப்பின்னு நான் சொல்றது எழுத்து மேல கூரை மாதிரி போடுற சர்கம்ஃப்ளெக்ஸ் ஆக்சன்ட்ட. பக்கத்துல ஒரு கான்ஜுகேஷன் டேபிள திறந்து வெச்சுக்கிட்டு படிச்சா இன்னும் நல்லா ஏறும்.

முதல் படி: பாஸே ஸேம்ப்ல்ல "த்யு" ஃபார்ம் பிடிங்க

இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவுக்கும் சாதா இம்பர்ஃபெக்டுக்கும் ஸ்டெம்ல ஒரு சம்பந்தமும் இல்ல, பேர பாத்து ஏமாந்து "நூ பார்லோன்"ல (நாம பேசுறோம்) இருந்து ஸ்டெம் எடுக்கப் போயிடாதீங்க. ஸ்டெம் வர்றது பாஸே ஸேம்ப்ல்ல இருந்து, அதுலயும் ரெண்டாவது ஆள் ஒருமை, அதாவது நீ-க்கு வர்ற "த்யு" ஃபார்ம்ல இருந்து.

ஏன் குறிப்பா அந்த ஃபார்ம்? பார்லே (பேசுறது) வெர்ப்ப பாஸே ஸேம்ப்ல்ல போட்டா ஜெ-க்கு (நான்) கடைசில ஏ ஐ வருது, இல்-லுக்கு (அவன்) வெறும் ஏ, அவங்க-வுக்கு "பார்லேர்"னு எங்கயோ போயிடுது. த்யு-வுக்கு மட்டும் ஏ எஸ்னு சுத்தமா முடியுது. அந்த எஸ் கூட இன்னொரு எஸ்ஸும் ஒரு ஈ-யும் சேருங்க. "த்யு பார்லா" வந்து "கெ ஜெ பார்லாஸ்" ஆயிடுச்சு (கெ-ங்கிறது சப்ஜங்டிவுக்கு முன்னாடி வர்ற இணைப்புச் சொல், இல் கூட சேந்தா "கில்"). அவ்ளோதான் ஃபார்முலா. ஃபினீர் எடுத்தா த்யு ஃபினி, எஸ்ல முடியுது, எஸ் ஈ சேத்தா ஃபினிஸ். எத்ர் (இருக்கிறது) எடுத்தா த்யு ஃப்யு, எஸ் ஈ சேத்தா ஃப்யுஸ். வெனீர் (வர்றது) எடுத்தா த்யு வேன், எஸ் ஈ சேத்தா வேன்ஸ். இந்த ரூலுக்கு விதிவிலக்கே கிடையாது, பிரெஞ்ச்ல இப்படி ஒரு வாக்கியம் எழுத சான்ஸ் கிடைக்கிறதே அபூர்வம்.

இந்த ரெண்டு எஸ் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா மறக்காது. லத்தீன்ல இது ப்ளூபர்ஃபெக்ட் சப்ஜங்டிவ், "அமாவிஸ்ஸெம்"னு இருந்தது பேச்சுல சுருங்கி "அமாஸ்ஸெம்" ஆகி, பிரெஞ்ச்ல "எமாஸ்" ஆயிடுச்சு. இத்தாலியன்ல "பார்லாஸ்ஸி", போர்ச்சுகீஸ்ல "ஃபலாஸ்ஸி" எல்லாம் அதே குடும்பம்தான். வேடிக்கை என்னன்னா அந்த ரெண்டு பாஷையிலயும் சின்னப் பசங்க கூட இத தினசரி பேசுறாங்க, பிரெஞ்ச்காரங்க மட்டும் பரணைல தூக்கிப் போட்டுட்டாங்க.

ரெண்டாவது படி: நாலு குடும்பம்

த்யு ஃபார்ம் எந்த வவ்வல்ல முடியுதுங்கிறத வெச்சு எல்லா வெர்ப்பும் நாலு வீட்டுக்குள்ள அடங்கிடும்.

ஏ வீடு: ஈ ஆர்ல முடியுற வெர்ப் எல்லாம், ஒண்ணு விடாம. பிரசன்ட்ல ஆட்டம் காட்டுற அலே கூட இங்க சாது, "கெ ஜ் அலாஸ்"னு வந்துடும்.

ஐ வீடு: ஃபினீர் மாதிரி வெர்ப்கள், பார்தீர், தோர்மீர், ஸோர்தீர், ஊவ்ரீர், அப்புறம் ஆர் ஈ-ல முடியுறதுல பெரும்பாலானது, வான்த்ர், பாத்ர், ப்ரான்த்ர், மெத்ர் எல்லாம். ஃபேர், தீர், வுவார் மூணும் கூட இங்கதான்.

யு வீடு: ஓ ஐ ஆர்ல முடியுறது பெரும்பாலும், பூவ்வார், ஸவ்வார், தெவ்வார், வூல்வார், ரெஸெவ்வார். கூடவே எத்ர், அவ்வார், லீர், புவார், க்ருவார், வீவ்ர், கொனெத்ர், கூரீர், மூரீர்.

ஐ என் வீடு: வெனீர், தெனீர், அதுங்களோட குட்டிகள், அதாவது ரெவெனீர், தெவெனீர், ஒப்தெனீர் மாதிரி. வேற யாரும் இங்க குடியிருக்கல.

ஒரு வெர்ப் எந்த வீடுன்னு சந்தேகம் வந்தா பாஸ்ட் பார்ட்டிசிபிள யோசிச்சுப் பாருங்க, பல சமயம் அதுவே காட்டிக்கொடுக்கும். ல்யு, ப்யு, ஸ்யு எல்லாம் யு வீடு, மி, ப்ரி எல்லாம் ஐ வீடு. ஆனா முழுசா நம்பிடக்கூடாது, வுவாரோட பார்ட்டிசிபிள் வ்யு, ஆனா வெர்ப் ஐ வீட்டுல இருக்கு, வான்த்ரும் அப்படியே, பார்ட்டிசிபிள் வான்த்யு, வெர்ப் வான்திஸ். வெனீரும் அப்படித்தான், வெந்யுன்னு சொல்லிட்டு வேன்ஸ்னு போகுது.

மூணாவது படி: ஆறு முடிவு

ஜெ: எஸ் எஸ் ஈ.
த்யு: எஸ் எஸ் ஈ எஸ்.
இல்: வவ்வல் மேல தொப்பி, பின்னாடி ஒரு டி.
நூ (நாம): எஸ் எஸ் ஐ ஓ என் எஸ்.
வூ (நீங்க): எஸ் எஸ் ஐ ஈ இசட்.
இல் பன்மை: எஸ் எஸ் ஈ என் டி.

பார்லே-வ இதுல ஓட்டிப் பாருங்க. கெ ஜெ பார்லாஸ், கெ த்யு பார்லாஸ், கில் பார்லா, கெ நூ பார்லாஸியோன், கெ வூ பார்லாஸியே, கில் பார்லாஸ். நூ, வூ ரெண்டுக்கும் கடைசி துண்டு பிரசன்ட் சப்ஜங்டிவ்ல இருக்கிற அதே துண்டுதான், புதுசா எதுவும் இல்ல. ஜெ, த்யு, பன்மை இல் மூணும் காதுக்கு ஒரே சத்தம். ஆக காதால கேட்டா நாலே சத்தம், பேப்பர்ல ஆறு ஸ்பெல்லிங்.

நாலாவது படி: இல், எல், ஓன் (அவன், அவ, பொதுவா ஒருத்தர்)

நாள்பட இந்த டென்ஸோட வாழப்போறவங்களுக்கு இதுதான் முக்கியமான படி, ஏன்னா நீங்க புக்ல பாக்கப்போற ஃபார்ம்ல பெரும்பாலானது மூணாவது ஆள் ஒருமைதான். இங்க மட்டும் ரெண்டு எஸ் காணோம். செய்முறை இது: த்யு ஃபார்ம்ல இருக்கிற கடைசி எஸ்ஸ எடுத்துடுங்க, அதுக்கு முன்னாடி நிக்கிற வவ்வல் மேல தொப்பி போடுங்க, டி சேருங்க.

பார்லா-ன்னா ஏ மேல தொப்பி, டி. ஃபினி-ன்னா ஐ மேல தொப்பி, டி. ஃப்யு-ன்னா யு மேல தொப்பி, டி. வேன்-னா ஐ மேல தொப்பி, அப்புறம் என், டி. என் மேல போட முடியாது, அதனால வவ்வலுக்குத்தான் தொப்பி.

போன எஸ்ஸோட நினைவுச் சின்னம்தான் அந்த தொப்பி. பழைய பிரெஞ்ச்ல "அமாஸ்த்"னு எஸ் போட்டுதான் எழுதினாங்க, சத்தம் செத்துப்போய் ரொம்ப நாள் கழிச்சு, 1740ல வந்த பிரெஞ்ச் அகாடமி அகராதில இப்படிப்பட்ட சத்தமில்லாத எஸ்ஸ நிறைய இடத்துல தூக்கிட்டு தொப்பி வெச்சாங்க. 1990 டிசம்பர்ல அரசிதழ்ல வந்த ஸ்பெல்லிங் சீர்திருத்தம் ஐ, யு மேல இருக்கிற தொப்பியெல்லாம் பெரும்பாலும் கட்டாயமில்லன்னு சொல்லுச்சு, ஆனா இந்த டென்ஸ்லயும் பாஸே ஸேம்ப்ல்லயும் வர்ற தொப்பிய தொடவே இல்ல. "புது ரூல்படி தொப்பி வேண்டாமே"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இங்க தொப்பி எடுத்தா டென்ஸே மாறிடும்.

எப்படி மாறும்னா, ஐ வீடு, யு வீடு, ஐ என் வீடு மூணுலயும் பாஸே ஸேம்ப்ல் இல் ஃபார்ம் ஏற்கனவே டி-ல தான் முடியுது. "இல் ஃப்யு", தொப்பி இல்லாம, அவன் இருந்தான். "கில் ஃப்யு", தொப்பியோட, சப்ஜங்டிவ். சத்தம் ஒண்ணு, ஒரே ஒரு குறிதான் வித்தியாசம். ஏ வீட்டுல மட்டும் கொஞ்சம் நிம்மதி, பாஸே ஸேம்ப்ல்ல டி கிடையாது, சப்ஜங்டிவ்ல டி உண்டு, அதனால டி இருக்கான்னு பாத்தாலே தெரிஞ்சுடும்.

இன்னொரு குழப்பம், பாஸே ஸேம்ப்ல்ல நூ, வூ ஃபார்ம்ல தொப்பி இருக்கு, பார்லாம், பார்லாத்-னு. இங்க நூ, வூ-ல தொப்பி கிடையாது, ரெண்டு எஸ் இருக்கிற எடத்துல தொப்பிக்கு என்ன வேலை. ரெண்டையும் ஒண்ணா படிக்கிறவங்க பார்லாஸியோன்-ல ஏ மேல தொப்பி போட்டுட்டு வருவாங்க, எஸ் வந்தா தொப்பி வராது, தொப்பி வந்தா எஸ் வராதுன்னு வெச்சுக்கிட்டா போதும்.

அஞ்சாவது படி: எத்ரும் அவ்வாரும்

இது ரெண்டையும் கண்ண மூடிக்கிட்டு சொல்ற அளவுக்கு மனப்பாடம் பண்ணுங்க, ஏன்னா ரெண்டு வெர்ப் சேந்து வர்ற காம்பவுண்ட் டென்ஸ் எல்லாம் இதுங்க மேலதான் நிக்குது.

எத்ர்: ஃப்யுஸ், ஃப்யுஸ், ஃப்யு, ஃப்யுஸியோன், ஃப்யுஸியே, ஃப்யுஸ்.

அவ்வார்: யுஸ், யுஸ், யு, யுஸியோன், யுஸியே, யுஸ்.

அவ்வாருக்கு ஸ்பெல்லிங் ஈ யு எஸ் எஸ் ஈ, ஆனா சத்தத்துல அந்த ஈ கிடையாது, வெறும் "யுஸ்"தான். மூணாவது ஆள் ஈ, தொப்பி வெச்ச யு, டி, படிக்கிறது "யு". அடுத்த வார்த்தை வவ்வல்ல ஆரம்பிச்சா டி உயிர் பெறும், "இல் யுத் எதே"ன்னு சொல்லணும்.

ஆறாவது படி: அடிக்கடி மாட்டுற வெர்ப்கள்

நூத்துக்கணக்குல மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல, இந்த கொஞ்சம் தெரிஞ்சா புக்ல வர்ற பெரும்பாலானது பிடிபட்டுடும். ஜெ ஃபார்ம் மட்டும் சொல்றேன், மிச்சத்த நீங்களே ஓட்டிக்குங்க.

ஃபேர், ஃபிஸ். தீர், திஸ். வுவார், விஸ். ப்ரான்த்ர், ப்ரிஸ். மெத்ர், மிஸ். எக்ரீர், எக்ரிவிஸ். நெத்ர், நகிஸ். கோன்த்வீர், கோன்த்விஸிஸ். பூவ்வார், ப்யுஸ். ஸவ்வார், ஸ்யுஸ். தெவ்வார், த்யுஸ். வூல்வார், வூல்யுஸ். ல்யுஸ் வந்து லீர், க்ர்யுஸ் வந்து க்ருவார், வெக்யுஸ் வந்து வீவ்ர், மூர்யுஸ் வந்து மூரீர். இல் மட்டுமே வர்ற ஃபால்வார் "ஃபால்யு", ப்லெவ்வார் "ப்ல்யு", ரெண்டுலயும் யு மேல தொப்பி.

ஏ வீட்டுலயும் ரெண்டு ஸ்பெல்லிங் வேலை இருக்கு. மான்ஜே மாதிரி ஜி ஈ ஆர்ல முடியுற வெர்ப்ல, ஜி-க்குப் பின்னாடி ஏ வர்றதால நடுவுல ஒரு ஈ போடணும், இல்லன்னா "மான்கா"ன்னு ஆயிடும். கொமான்ஸே மாதிரி சி ஈ ஆர்ல முடியுறதுல சி-க்கு அடில வால் போடணும், அதான் செதிய். இது ஆறு ஃபார்முக்கும் உண்டு. சாதா இம்பர்ஃபெக்ட்ல நூ, வூ-வுக்கு இதெல்லாம் தேவைப்படாது, அந்தப் பழக்கத்துல இங்கயும் விட்டுடுவாங்க. யு வீட்டு ரெஸெவ்வாருக்கும் ஆறுலயும் வால் உண்டு.

பேர் வெச்சு ஏமாத்துற ஜாதியும் இருக்கு. வுவார் ஐ வீடு, ப்ரெவ்வாரும் ஐ வீடு, ஆனா பூர்வ்வார் யு வீட்டுக்குப் போயிடும், பூர்வ்யுஸ். கூத்ர், தையல் போடுறது, கூஸிஸ்-னு ஐ வீடு. மூத்ர், மாவு அரைக்கிறது, மூல்யுஸ்-னு யு வீடு. எழுத்துல ஒண்ணு மாதிரியே இருந்துக்கிட்டு ரெண்டும் ரெண்டு பக்கம் போகுது.

ஆயீர், வெறுக்கிறதுங்கிற வெர்ப், அதுல ஐ மேல ஏற்கனவே ரெண்டு புள்ளி உக்காந்திருக்கு. ஒரே எழுத்து மேல புள்ளியும் தொப்பியும் சேந்து உக்கார முடியாதே, அதனால மூணாவது ஆள்ல தொப்பி கிடையாது, புள்ளியே நிக்கும். க்ருவாத்ர், வளர்றது, அது தலைகீழ். ஆறு ஃபார்ம்லயும் யு மேல தொப்பி, ரெண்டு எஸ் இருக்கிற ஃபார்ம்ல கூட. நம்புறதுங்கிற க்ருவாரோட சேந்து குழம்பிடக்கூடாதுன்னுதான். எஸ் வந்தா தொப்பி வராதுன்னு மேல சொன்னேன்ல, அத மீறுற ஆள் இவர்தான், ஆனா இவரோட த்யு ஃபார்ம்லயே தொப்பி இருக்கிறதால முதல் படி ரூல் இங்கயும் தப்பல.

சில வெர்ப்புக்கு பாஸே ஸேம்ப்ல்லே கிடையாது, அப்ப இதுவும் கிடையாது. பால் கறக்கிற த்ரேர், அதோட சேந்த எக்ஸ்த்ரேர், திஸ்த்ரேர், அப்புறம் மூடுறதுங்கிற க்ளோர், பொரிக்கிறதுங்கிற ஃப்ரீர். பரீட்சைல கேட்டா வெர்ப்ப மாத்தி எழுதிடுங்க.

ஏழாவது படி: பிரசன்ட்டோட குழப்பிக்காதீங்க

ரெண்டு எஸ் பாத்த உடனே இம்பர்ஃபெக்ட்னு முடிவு கட்டிடக்கூடாது. "கெ ஜெ ஃபாஸ்" ஃபேரோட பிரசன்ட் சப்ஜங்டிவ், இம்பர்ஃபெக்ட் வந்து ஃபிஸ். "கெ ஜெ ப்விஸ்" பூவ்வாரோட பிரசன்ட், இம்பர்ஃபெக்ட் ப்யுஸ், எழுத்துல ஒரு ஐ தான் வித்தியாசம். தீருக்கு பிரசன்ட்ல ஒரே எஸ், "தீஸ்"னு இசட் சத்தம் வரும், இம்பர்ஃபெக்ட்ல ரெண்டு எஸ், அழுத்தமா "திஸ்".

ஃபினீர் கும்பலுக்கு இன்னும் ஒரு படி மேல, பிரசன்ட்டும் இம்பர்ஃபெக்ட்டும் ஆறுல அஞ்சு ஃபார்ம் அப்படியே ஒண்ணு. கெ ஜெ ஃபினிஸ் ரெண்டுக்கும் பொருந்தும். மூணாவது ஆள்ல மட்டும் பிரசன்ட் "கில் ஃபினிஸ்", இம்பர்ஃபெக்ட் தொப்பியோட "கில் ஃபினி". ஆக "இல் ஃபாலே கெ ஜெ ஃபினிஸ்"னு ஒரு பாரிஸ் டாக்ஸி டிரைவர் சொன்னா அவர் பிரசன்ட் சொன்னாரா, இலக்கிய பிரெஞ்ச் சொன்னாரான்னு கண்டுபிடிக்கவே முடியாது, அவருக்கே தெரியாது.

எட்டாவது படி: எங்க போடணும்

சப்ஜங்டிவ் எங்க வரும்ங்கிறது உங்களுக்கு ஏற்கனவே தெரியும், வேணும், பயம், சந்தேகம், வருத்தம், அவசியம், அப்புறம் பியேன் கெ (இருந்தாலும்), பூர் கெ (அதுக்காக), அவான் கெ (முன்னாடி), ஸான் கெ (இல்லாம) மாதிரி வார்த்தைகளுக்குப் பின்னாடி. அதுல எதுவும் மாறல. கேள்வி டென்ஸ் பத்தினது மட்டும்தான். பழைய ரூல்படி, மெயின் வாக்கியம் பாஸ்ட்ல இருந்தா உள்வாக்கியமும் பாஸ்ட் சப்ஜங்டிவுக்கு இறங்கணும். மெயின் வாக்கியம் கண்டிஷனல்ல ("அப்படி நடந்தா நல்லாருக்கும்" மாதிரி சொல்ற வடிவம்) இருந்தாலும் அதே கதை.

நமக்கு இது ஏன் ஒட்ட மாட்டேங்குதுன்னா தமிழ்ல இப்படி ஒரு சமாச்சாரமே இல்ல. "அவன் வரணும்னு ஆசைப்படுறேன்", "அவன் வரணும்னு ஆசைப்பட்டேன்", ரெண்டுலயும் "வரணும்" அசையாம அப்படியே இருக்கு. பிரெஞ்ச்ல மெயின் வெர்ப் பின்னாடி போனா உள்ள இருக்கிறதையும் கூடவே இழுத்துக்கிட்டுப் போகும்.

ஜெ வெ கில் வியென், அவன் வரணும்னு விரும்புறேன்.
ஜெ வூலே கில் வேன், அவன் வரணும்னு விரும்பினேன். இங்க ஐ மேல தொப்பி.
ஜெ வூத்ரே கில் வேன், அவன் வந்தா நல்லாருக்கும். இது கண்டிஷனல்.
பியேன் கில் ஃப்யு மலாத், இல் த்ராவாயே. உடம்பு சரியில்லன்னாலும் வேலை பாத்துக்கிட்டிருந்தான்.

உள்வாக்கியத்துல நடக்குறது மெயின் வாக்கியத்தோட அதே நேரத்துல, இல்ல அதுக்கு அப்புறம்னா இம்பர்ஃபெக்ட் சப்ஜங்டிவ். அதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சதுன்னா ப்ளூபர்ஃபெக்ட் சப்ஜங்டிவ், அதாவது அஞ்சாவது படில மனப்பாடம் பண்ண எத்ர் இல்ல அவ்வார் கூட பார்ட்டிசிபிள். "ஜெ ரெக்ரெதே கில் ஃப்யு பார்தி", அவன் போயிட்டானேன்னு வருத்தப்பட்டேன். "ஜெ ரெக்ரெதே கில் யு பெர்த்யு", அவன் தோத்துட்டானேன்னு வருத்தப்பட்டேன். புதுசா கத்துக்க எதுவும் இல்ல.

இந்த ப்ளூபர்ஃபெக்ட் சப்ஜங்டிவ் சில சமயம் "கெ" இல்லாம தனியா நின்னுக்கிட்டு கண்டிஷனல் பாஸ்ட் வேலைய செய்யும். "கி ல்யு க்ர்யு", யார் நினைச்சிருப்பா, இது இன்னிக்கும் பேச்சுல இருக்கு. நாவல்ல "இல் யு"ன்னு தொப்பியோட பாத்து, சுத்தி சப்ஜங்டிவுக்கான காரணம் எதுவும் இல்லன்னா, "செஞ்சிருப்பான்"னு அர்த்தம் எடுத்துக்கிட்டு மேல போங்க.

இப்ப இத எழுதணுமா?

பேசுறப்ப வேண்டாம், ஒரு நாளும் வேண்டாம். பேச்சுல எல்லாரும் "ஜெ வூலே கில் வியென்"னு பிரசன்ட் சப்ஜங்டிவே போடுறாங்க, அது தப்பும் இல்ல. 1901 பிப்ரவரி 26 தேதியிட்ட அரசாணையே கண்டிஷனலுக்கு அப்புறம் பிரசன்ட் போட்டா பரீட்சைல தப்புன்னு எடுக்கக்கூடாதுன்னு சொல்லிடுச்சு, 1976 டிசம்பர் 28 அரசாணை அத பாஸ்ட் டென்ஸுக்கும் விரிச்சுடுச்சு. பிரெஞ்ச் மொழித் தேர்வான டெல்ஃப்ல பி2 நிலை வரைக்கும் யாரும் உங்கள இத எழுதச் சொல்லப் போறதில்ல.

எழுத்துல, அதுவும் பாஸே ஸேம்ப்ல்ல கதையோ கட்டுரையோ எழுதுறீங்கன்னா, மூணாவது ஆள் மட்டும் போடுங்க, ஃப்யு, யு, வேன், ஃபி மாதிரி. கண்ணுக்கு உறுத்தாது, நடைக்கு ஒரு கம்பீரம் குடுக்கும். ஜெ, நூ, வூ ஃபார்ம்கள தொடாதீங்க, அதெல்லாம் இன்னிக்கு பிரெஞ்ச்காரங்க சிரிப்பு காட்டத்தான் யூஸ் பண்றாங்க. "அஸாஸினாஸியே", நீங்க கொலை பண்ண, அத வாய்ல வெச்சு சொல்லிப் பாருங்க, ஏன் செத்துப்போச்சுன்னு புரியும். "கெ ஜெ ப்யுஸ்" காதுல தெள்ளுப்பூச்சிக்கான பிரெஞ்ச் வார்த்தை மாதிரி விழும், புவாரோட ஃபார்ம் பிரெஞ்ச்காரங்க பஸ்ஸ சொல்ற மாதிரியே கேக்கும், ஸவ்வாரோட ஃபார்ம் சப்புறதுங்கிற வெர்ப் மாதிரியே கேக்கும், கிளாஸ்ல அத சத்தமா படிக்க வெச்சா பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. நூ மெத்ர் ஃபார்ம் "மிஸியோன்", மிஷன்ங்கிற பெயர்ச்சொல்லோட பன்மையும் அதேதான், ஸ்பெல்லிங் கூட ஒண்ணு.

உறைஞ்சுபோன சில தொடர்கள்ல மட்டும் இது நல்லாவே வாழுது. "நெ ஃப்யுஸ் கெ", குறைஞ்சது இதுவாவது. "த்யுதில்", அவன் அப்படிச் செய்ய வேண்டி வந்தாலும் சரி. "ஃப்யுதில்", அவன் அப்படிப்பட்டவனாவே இருந்தாலும். "ப்ல்யுத் ஓ ஸியெல்", கடவுள் மனசு வெச்சு அப்படி நடக்கக் கூடாதா. "த்யுஸேஜ்", நான் என்ன பட வேண்டி வந்தாலும். கடைசியா சொன்னதுல ஜெ-க்கு முன்னாடி இருக்கிற ஈ மேல பழைய முறைப்படி வலது சாய்ஞ்ச கோடு, 1990 முறைப்படி இடது சாய்ஞ்ச கோடு, ரெண்டும் செல்லும். "நெ ஃப்யுஸ் கெ"-ல உஷாரா இருங்க, அது ரெண்டு எஸ் போட்ட ஃப்யுஸ் இல்ல, தொப்பி வெச்ச ஃப்யு, ஹைஃபன், அப்புறம் சி ஈ. சத்தம் ஒண்ணா இருக்கிறதால பிரெஞ்ச்காரங்களே தப்பா எழுதுறாங்க.

தொப்பி வேணுமா வேண்டாமா, டெஸ்ட்

பிரெஞ்ச்காரங்களும் அடிக்கடி தடுக்கி விழுற இடம் இது, அதனால கொஞ்சம் நின்னு பாக்கலாம். "அவான் கில் ஃப்யு பார்தி", அவன் போறதுக்கு முன்னாடி. "அப்ரே கில் ஃப்யு பார்தி", அவன் போனதுக்கு அப்புறம். காதுக்கு முதல் வார்த்தை தவிர எல்லாம் ஒண்ணு. ஆனா அவான் கெ-வுக்கு சப்ஜங்டிவ், தொப்பி உண்டு. அப்ரே கெ-வுக்கு இண்டிகேட்டிவ் (நடந்தத நேரடியா சொல்ற சாதா வடிவம்), நடந்து முடிஞ்ச விஷயம், தொப்பி கிடையாது. அப்ரே கெ-வுக்கு தொப்பி போட்டு எழுதுறது நியூஸ்பேப்பர்லயே வர்ற தப்பு.

டெஸ்ட் ரெண்டு இருக்கு. ஒண்ணு, வாக்கியம் முழுசையும் பிரசன்ட்டுக்கு கொண்டு வாங்க. எத்ரோட சாதா பிரசன்ட் "எ" வந்தா தொப்பி இல்ல, பிரசன்ட் சப்ஜங்டிவ் "ஸ்வா" வந்தா தொப்பி. ரெண்டாவது, ஆளப் பன்மையாக்குங்க. "ஃப்யுர்"னு வந்தா தொப்பி இல்ல, "ஃப்யுஸ்"னு வந்தா தொப்பி. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், டென்ஸ மாத்தாமலே விடை கிடைச்சுடுது. அவ்வாருக்கும் இதே, "யுர்" வந்தா வெறுந்தலை, "யுஸ்" வந்தா தொப்பி.

டைப் பண்றதுக்கு, ஃபோன்ல பிரெஞ்ச் கீபோர்ட் போட்டு வவ்வல அழுத்திப் பிடிச்சா தொப்பி எழுத்து மேல வரும். பிரெஞ்ச் கம்ப்யூட்டர் கீபோர்டான அஸெர்தில, ஓ-வுக்கு அடுத்து இருக்கிற பி-க்கு வலது பக்கம் தொப்பி கீ இருக்கு, அத முதல்ல தட்டிட்டு அப்புறம் வவ்வல தட்டணும்.

கொஞ்சம் கை ஓட்டிப் பாருங்க

விடைய பாக்காம முதல்ல பேப்பர்ல எழுதுங்க, வாயால சொன்னா தொப்பி தெரியாது.

தெனீர், ஜெ. எக்ரீர், பன்மை இல். லீர், இல். மான்ஜே, நூ. "இல் ஃபோ கெல் வியென்" அப்படிங்கிறத "இல் ஃபாலே"ன்னு ஆரம்பிச்சு பாஸ்ட்ல. "பியேன் கில் ஏ ஃபேன்", அவனுக்கு பசியா இருந்தாலும், அத பாஸ்ட் கதைக்குள்ள. கடைசியா, "அப்ரே கில் ___ மான்ஜே", அவன் சாப்பிட்டதுக்கு அப்புறம், பாஸே ஸேம்ப்ல்ல ஓடுற ஒரு கதைல.

தெனீருக்கு த்யு தேன், அதனால தேன்ஸ், எழுத்துல என்னுக்குப் பின்னாடி ரெண்டு எஸ். எக்ரீருக்கு எக்ரிவிஸ், கடைசில ஈ என் டி. லீருக்கு ல்யு, யு மேல தொப்பி, டி. மான்ஜே-க்கு மான்ஜாஸியோன், ஜி-க்குப் பின்னாடி ஈ விட்டுடாதீங்க, ஏ மேல தொப்பி போட்டுடாதீங்க. அஞ்சாவது "இல் ஃபாலே கெல் வேன்", ஐ மேல தொப்பி. ஆறாவது "பியேன் கில் யு ஃபேன்", ஈ, தொப்பி வெச்ச யு, டி. கடைசி கேள்விக்கும் விடை "யு"தான், ஆனா பன்மையாக்கினா "அப்ரே கில்ஸ் யுர் மான்ஜே"ன்னு வருது, அதனால தொப்பி கிடையாது.